கொடைக்கானலா, தேக்கடியா? கத்திரி முடிகிற வாரத்தில் மதுரையிலிருந்து ஒரு மலை ஏரி

கத்திரி வெயில் முடிகிற வாரம் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான். ஜூன் பிறந்தால் பள்ளிக்கூடம் திறந்துவிடும், அதற்குள் பிள்ளைகளை ஒரு தடவையாவது குளிர்ச்சியான இடத்துக்குக் கூட்டிப்போய் வந்துவிட வேண்டும். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றால் இரண்டு மலைக்கும் பஸ் இருக்கிறது. வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல், சுமார் 120 கிலோமீட்டர். உசிலம்பட்டி, தேனி, கம்பம் வழியாகக் குமுளி, அதைவிடக் கொஞ்சம் கூடுதல் தூரம். குமுளியில் இறங்கினால் தேக்கடி. இரண்டு இடத்திலும் ஏரி, இரண்டு ஏரியும் மனிதர் வெட்டித் தேக்கியவை. ஒற்றுமை அதோடு முடிந்துவிடுகிறது. யாரைக் கூட்டிப்போகிறோம் என்று யோசிக்காமல் கிளம்பினால் இரண்டுமே ஏமாற்றும்.

கொடைக்கானல் ஏரிமேல் மதுரைக்காரர்களுக்கு ஒரு பழைய பாத்தியதை உண்டு. 1845-ல் அங்கே முதன்முதலாக வீடு கட்டியவர்கள் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள். நம் ஊர் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து ஏறியவர்கள். 1863-ல் ஏரியை உண்டாக்கியவர் மதுரை கலெக்டராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச். நட்சத்திரம் போல மூலை மூலையாக நீண்டு கிடக்கும் அந்த 60 ஏக்கர் தண்ணீரைச் சுற்றிவர ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். அந்தச் சுற்றுக்கு டிக்கெட் கிடையாது, நேரக்கட்டுப்பாடு கிடையாது. எனக்குக் கொடைக்கானல் என்றாலே அந்தச் சுற்றுதான். காலை ஆறு மணிக்குப் பனி தண்ணீரோடு ஒட்டிக் கிடக்கும். வாடகை சைக்கிள் கடைகள் அப்போதுதான் திறப்பார்கள். உள்ளூர்ப் பெரியவர்கள் மப்ளரைச் சுற்றிக்கொண்டு நடப்பார்கள். பாட்டிக்கு மூட்டு வலித்தால் வழியில் உட்கார இடம் உண்டு, பேரனுக்குப் பொறுமை போனால் சைக்கிள் உண்டு, குதிரை உண்டு, சுடச்சுட பஜ்ஜி உண்டு. ஊர் நடுவில் ஏரி இருப்பதால் யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

மே கடைசியில் அங்கே இன்னொரு விசேஷம் கோடை விழா. ஏரியை ஒட்டிய பிரையண்ட் பூங்கா 1908-ல் தொடங்கியது. அங்கே நடக்கும் மலர்க் கண்காட்சி 60 தடவையைத் தாண்டிவிட்டது. பூவைப் பார்க்க எல்லோரும் போகிறார்கள், போகட்டும். நான் போகச் சொல்வது ஏரியில் நடக்கும் போட்டிகளுக்கு. படகுப் போட்டி, அலங்காரப் படகு அணிவகுப்பு, தண்ணீரில் விட்ட வாத்தைப் படகில் துரத்திப் பிடிக்கிற போட்டி என்று கரை முழுக்கச் சத்தமாக இருக்கும். முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, யாரென்றே தெரியாத படகுக்காகக் கத்துவார்கள். என் அக்கா பையன் வாத்துப் போட்டியைப் பற்றி ஒரு வருஷம் பேசினான்.

ஆனால் கண்காட்சி தொடங்குகிற சனி, ஞாயிறு காரில் ஏறாதீர்கள். ஒரு வருஷம் நாங்கள் வெள்ளி நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் மூன்று மணி நேரம் நகராமல் நின்றோம். மிச்சம் எட்டு கிலோமீட்டர்தான், சின்னது வாந்தி எடுத்து அப்படியே தூங்கிப்போனது. இப்போது உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, மலைக்குப் போகிற வண்டிகள் முன்கூட்டியே ஆன்லைனில் எடுக்க வேண்டிய இ-பாஸ் வந்திருக்கிறது. 2025 கோடையில் வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். அந்த மலைக்கு அது வேண்டியதுதான் என்பது என் கருத்து. அரசு பஸ்ஸில் போனால் இ-பாஸ் தேவையில்லை. செவ்வாய், புதன் என்றால் உட்கார இடமும் கிடைக்கும்.

தேக்கடியில் நினைத்த இடத்தில் நடக்க முடியாது. அது ஊருக்குள் இருக்கிற ஏரி இல்லை, புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற ஏரி. காரை வெளியே விட்டுவிட்டு வனத்துறை பஸ்ஸில் படகுத்துறைக்குப் போக வேண்டும். நுழைவுக்கு ஒரு டிக்கெட், படகுக்கு ஒரு டிக்கெட். ஏறி உட்கார்ந்தால் ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. நான்கு வயசுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த ஒன்றரை மணி நேரம் பெற்றவர்களுக்குப் பெரிய பாடு. லைஃப் ஜாக்கெட் கனமாக இருக்கிறது என்று கழற்றிவிட வேண்டாம். 2009 செப்டம்பரில் இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள்.

இவ்வளவும் பொறுத்துக்கொண்டால் கிடைப்பது வேறு எங்கும் கிடைக்காது. மே கடைசியில் காட்டுக்குள் ஓடைகள் வற்றியிருக்கும், ஏரியும் இறங்கி கரையில் புல் தெரியும். யானையும் காட்டெருமையும் மிளாவும் தண்ணீருக்கு அங்கேதான் வந்தாக வேண்டும். காலை 7.30 படகில் நாங்கள் போன அன்று தாய் யானை இரண்டு, குட்டி ஒன்று. படகில் இருந்த அத்தனை பேரும் மூச்சுக் காட்டவில்லை. தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் கதை மாறிவிடும்: காடு முழுக்கத் தண்ணீர், விலங்குகள் கரைக்கு வர வேண்டிய அவசியமே இல்லை, நடைபாதையில் அட்டை வேறு. ஆகவே தேக்கடி என்று முடிவெடுத்தால் கேரளத்தில் மழை தொடங்கும் முன்பே போய்விடுங்கள். கொடைக்கானலுக்கு இந்த அவசரம் இல்லை, அங்கே மத்தியான மழை வந்தாலும் காலைச் சுற்று கெடாது.

நீருக்குள் கறுத்த மரக்கட்டைகள் நிற்கும், மேலே நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். 1895-ல் ஆங்கிலேய இன்ஜினியர் பென்னிகுக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்தபோது மூழ்கிய காடு அது. மேற்கே போய் அரபிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்றைத் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். அந்தத் தண்ணீர்தான் வைகையில் சேர்ந்து மதுரைக்கும் மேலூருக்கும் வருகிறது. அம்மா மேலூர்ப் பக்கம் பிறந்தவர். படகில் இதைச் சொன்னதும், "ஏம்ப்பா, நாங்க குளிச்ச பெரியாத்துக் கால்வாய்த் தண்ணி இதுதானா?" என்று கேட்டார். அதற்கப்புறம் யானையைக்கூடப் பார்க்கவில்லை, படகோரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

விழா என்று பார்த்தால் தேக்கடியில் சுற்றுலாவுக்காக ஜோடித்தது குறைவு. சித்ரா பௌர்ணமி அன்று, நம் அழகர் வைகையில் இறங்குகிற அதே நாளில், மேலே மங்கலதேவி கண்ணகி கோயிலைத் திறப்பார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான். அணையில் நீர் இருந்தால் ஜூன் 1 வாக்கில் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் முதல் போக நெல்லுக்காகத் தேக்கடி மதகைத் திறப்பார்கள். விவசாயிகளும் அதிகாரிகளும் பாய்கிற தண்ணீரில் பூத் தூவுவார்கள். கோடை விழாவின் வாத்துப் போட்டியையும் இந்தப் பூத் தூவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என் மனசு இரண்டாவதன் பக்கம்தான் சாய்கிறது.

செலவில் பெரிய வித்தியாசமில்லை. முதல் படகு வேண்டுமென்றால் குமுளியில் ஒரு ராத்திரி தங்க வேண்டும். கொடைக்கானலுக்கு விடியற்காலைப் பஸ்ஸில் போய் ராத்திரிக்குள் திரும்பிவிடலாம், ஆனால் அந்தக் காலைப் பனி தப்பிப்போகும். திரும்பும்போது கொடைக்கானலில் பிளம்ஸும் மலைப்பூண்டும், குமுளியில் ஏலக்காயும் மிளகும் நேந்திரன் சிப்ஸும்.

பத்து வயசுக்குக் கீழே பிள்ளைகளோ, நிறையப் பேர் சேர்ந்த குடும்பமோ என்றால் வார நாளில் கொடைக்கானல். வாயை மூடி ஒரு காட்டைப் பார்க்கத் தெரிந்தவர்கள் என்றால் தேக்கடி. இந்த மே கடைசிக்கு அக்காவையும் பிள்ளைகளையும் செவ்வாய்க்கிழமை வத்தலக்குண்டு வழி பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். நானும் அம்மாவும் அன்று சாயங்காலமே குமுளி போய்விடுவோம். மறுநாள் 7.30 படகில் அம்மாவுக்கு ஓரத்து சீட் வேண்டுமாம்.