டி.டி.பி-யா, டி.ஏ.பி-யா: சுங்க வரி யார் தலையில்?

வெளிநாட்டுக்கு ஆன்லைன் ஆர்டர் அனுப்ப ஆரம்பிக்கிறவர்கள் முதலில் கேட்பது, எந்த கூரியர் மலிவு என்பதைத்தான். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பார்சல் போய் இறங்கும் நாட்டில் விழுகிற வரியை யார் கட்டுவது, நீங்களா, வாங்கியவரா? விற்பனைப் பக்கத்தில் "ஷிப்பிங் இலவசம்" என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு இதை மட்டும் சொல்லாமல் விட்டால், வாடிக்கையாளருக்கு அதைச் சொல்கிற முதல் ஆள் கூரியர்காரராக இருப்பார், அதுவும் கையில் பில்லோடு.

தலைப்பில் இருக்கும் டி.டி.பி, டி.ஏ.பி என்ற பெயர்கள் எல்லாம் சர்வதேச வர்த்தக சபை 1936-ல் முதன்முதலாக வெளியிட்ட இன்கோடெர்ம்ஸ் விதிகளில்தான் வருகின்றன, அதாவது சரக்கு அனுப்புவதில் எது விற்பவர் பொறுப்பு, எது வாங்குபவர் பொறுப்பு என்று பிரித்துச் சொல்லும் விதிகள். 2020 பதிப்பில் மொத்தம் 11. மிரள வேண்டாம், அதில் எஃப்.ஓ.பி, சி.ஐ.எஃப் உட்பட நாலு கப்பல் சரக்குக்கு மட்டுமே, கூரியர் பார்சல் இன்வாய்ஸில் அவற்றை எழுதுவதில் அர்த்தமே இல்லை. சில்லறை ஆர்டர் அனுப்புகிறவருக்குக் கடைசியில் மிஞ்சுவது இரண்டுதான். டி.ஏ.பி என்றால் சரக்கை அவர் இடம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் பொறுப்பு, இறக்குமதி வரி அவர் பொறுப்பு. டி.டி.பி என்றால் வரியும் உங்களுடையது. (டி.டி.யு என்று ஒன்றை இன்னமும் சில இடங்களில் பார்ப்பீர்கள். 2010 பதிப்பிலேயே அதை எடுத்துவிட்டார்கள், நடைமுறையில் டி.ஏ.பி என்றே எடுத்துக்கொள்ளலாம்.)

காகிதத்தில் பார்த்தால் டி.ஏ.பி விற்பவருக்கு லாபம். ஆனால் கூரியர் நிறுவனம் வரியை முதலில் தானே கட்டிவிட்டு, பிறகு வாங்குபவரிடம் வசூலிக்கும்போது தன் கட்டணத்தையும் சேர்த்துவிடும். சின்ன ஆர்டரில் அந்தக் கட்டணம் வரியையே தாண்டிவிடுவதும் உண்டு. வாங்கியவர் கடுப்பாகி "வேண்டாம், திருப்பி அனுப்பு" என்பார். திரும்பி வரும் செலவு யாருடையது? உங்களுடையதுதான், சில சமயம் பொருளின் விலையைவிட அதிகமாகவே. அதனால் தனிநபர்களுக்கு விற்கிறீர்கள் என்றால் என் ஓட்டு டி.டி.பி-க்குத்தான், வரியை விலையிலேயே ஏற்றிவிட்டு அதைப் பளிச்சென்று சொல்லிவிடுங்கள்.

முன்பெல்லாம் சின்ன பார்சல் வரி இல்லாமல் நழுவிவிடும். அந்தக் காலம் போய்விட்டது. அமெரிக்காவில் 800 டாலர் வரை இருந்த விலக்கு 2025 ஆகஸ்ட் 29-ல் எல்லா நாட்டுச் சரக்குக்கும் நிறுத்தப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரை இருந்த வாட் (மதிப்புக் கூட்டு வரி) விலக்கை 2021 ஜூலை 1-லேயே எடுத்துவிட்டு, 150 யூரோ வரையான ஆர்டர்களுக்கு ஐ.ஓ.எஸ்.எஸ் என்ற வழியைத் திறந்தது. பணம் கட்டும் பக்கத்திலேயே வாட் வாங்கிக்கொள்ளலாம், எல்லையில் மறுபடி கேட்க மாட்டார்கள். ஐரோப்பாவுக்குத் தொடர்ந்து அனுப்புகிறவர்கள் டி.டி.பி-க்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும்.

வரி எந்தத் தொகைக்கு என்பதும் இடத்துக்கு இடம் மாறும். அமெரிக்காவில் பொதுவாகப் பொருளின் விலைக்கு மட்டும் சுங்க வரி, சர்வதேசப் போக்குவரத்துச் செலவு அதில் சேராது. ஐரோப்பிய ஒன்றியத்தில் எல்லை வரையான போக்குவரத்தும் காப்பீடும் சேரும், அதாவது விலை கூடின எக்ஸ்பிரஸைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கட்டணத்துக்கும் சேர்த்தே வரி.

சரி, கூரியரா தபாலா? எக்ஸ்பிரஸ் கூரியர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி அடைக்கிற இடத்தையும் பார்க்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பது வழக்கம். 40 × 30 × 25 பெட்டியில் ஒன்றரைக் கிலோ தலையணையை வைத்தால் கணக்கு 6 கிலோ. தபாலில் பெரும்பாலும் நிஜ எடைதான், அதனால் மெத்தென்ற பெரிய பொருளுக்கு அது மலிவாக முடியும். ஆனால் வேகமும் டிராக்கிங்கும் நாட்டுக்கு நாடு மாறும், வரியை நீங்களே முன்கூட்டிக் கட்டும் வசதியும் எல்லா வழித்தடத்திலும் கிடையாது. எதில் அனுப்பினாலும் "பரிசுப் பொருள்" என்று எழுதி விலையைக் குறைத்துக் காட்டாதீர்கள். பிடிபட்டால் அபராதம், தொலைந்தால் இழப்பீடும் நீங்கள் எழுதிய அந்தக் குறைந்த விலைக்குத்தான்.

வாங்குகிறவர் ஒரு நிறுவனம் என்றால் மட்டும் நான் மேலே சொன்னதைத் தலைகீழாக்குவேன். வாட் பதிவு உள்ள நிறுவனம் தானே இறக்குமதியாளராக இருந்தால், எல்லையில் கட்டிய வாட்டைப் பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். நீங்கள் நல்லெண்ணத்தில் டி.டி.பி போட்டு உங்கள் பெயரில் இறக்குமதி செய்துவிட்டால் அந்தப் பணம் அவர்களுக்குக் கிடைக்காது, அங்கே வாட் பதிவு இல்லாத உங்களுக்கும் எளிதில் கிடைக்காது. நிறுவன ஆர்டருக்கு டி.ஏ.பி போடுங்கள், இறக்குமதியாளராக யார் பெயர் வர வேண்டும் என்று அனுப்பும் முன்பே கேட்டு இன்வாய்ஸில் எழுதிவிடுங்கள்.