சம்பளம் எவ்வளவு, சொத்து யார் பேரில்: ஜேன் ஆஸ்டின் படங்களில் எது தேறும்?

மாப்பிள்ளைக்கு என்ன வருமானம், பூர்வீகம் எங்கே, வீடு யார் பேரில் என்று காபி ஆறுவதற்குள் கேட்டு முடித்துவிடுகிற ஊர் மதுரை. ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' நாவலிலும் அதே வேகம்தான். நாயகன் டார்சி நடனக் கூடத்துக்குள் வந்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, ஆண்டுக்கு 10,000 பவுண்டு ஆள் என்று கூடம் முழுக்கப் பரவிவிடும். படமாக்கும்போது இந்தக் கணக்கைக் கைவிட்டவர்கள்தான் பெரும்பாலும் சறுக்கியிருக்கிறார்கள்.

கணக்கை ஒழுங்காக வைத்திருப்பது 1995 பிபிசி தொடர். 6 பாகம், மொத்தம் ஐந்தரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இரவுக்கு இரண்டு பாகம் பார்த்தால் மூன்றே நாளில் முடிந்துவிடும். நாயகி எலிசபெத்தின் பென்னட் குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் 2,000 பவுண்டு. மகன் இல்லாததால் அத்தனையும் தூரத்து உறவினர் காலின்ஸுக்குப் போய்விடும். இதை முதலிலேயே புரியும்படி சொல்லிவிடுவதால் அம்மாக்காரியின் புலம்பல் வெறும் காமெடியாகத் தெரிவதில்லை. ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொள்வது நல்லது. நாலாம் பாகத் தொடக்கத்தில் டார்சியின் கடிதம் குரலாகவே வரும். அந்த நேரம் பார்த்து டீ போட எழுந்தால் எலிசபெத் நம்பிய விக்கம் உண்மையில் யார் என்பதே விட்டுப்போகும். அதே பாகத்தின் முடிவில் டார்சி குளத்தில் குதித்து ஈரச் சட்டையோடு நடந்துவருகிற காட்சி நாவலில் கிடையாது. திரைக்கதை எழுதிய ஆண்ட்ரூ டேவிஸ் சேர்த்தது. பரீட்சையில் எழுதிவிடாதீர்கள், ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகளே.

2005 படம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். பார்க்க அழகு, ஆனால் அவசரம். ஆண்டுக்கு 2,000 வருகிற வீட்டுக்குள் பன்றியை நடக்கவிட்டு, அவர்களை ரொம்பவே ஏழையாக்கிவிட்டார்கள். டார்சியின் பெம்பர்லி மாளிகைக் காட்சி மட்டும் தேறுகிறது. நாயக்கர் மகாலில் டிக்கெட் வாங்கிச் சுற்றுகிறவர்கள் மாதிரிதான் எலிசபெத்தும் உள்ளே போகிறாள், வீட்டை நிர்வகிக்கும் அம்மாள் கூடவே வந்து விளக்குகிறாள். நாவலில் அவள் நின்று பார்ப்பது டார்சியின் ஓவியத்தை. இங்கே அதைச் சிலையாக்கியிருக்கிறார்கள்.

நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். 2000-ல் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படத்தின் மூலம் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவல். மூலத்தின் தங்கை மரியான் இங்கே மீனாட்சி (ஐஸ்வர்யா ராய்). வீடு செட்டிநாட்டு வீடு. மேலூர், திருப்பத்தூர் வழியாகப் போனால் இரண்டு மணி நேரத்தில் எட்டிவிடுகிற ஊர்ப்பக்கம். இயக்குநர் ராஜீவ் மேனனுக்கு ஒரு சிக்கல் இருந்தது. தமிழ்நாட்டில் 1989 முதல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு. ஆண் வாரிசு இல்லாததால் சொத்து கைவிட்டுப் போனது என்று இங்கே கதை பண்ண முடியாது. தன் சம்பாத்தியத்தை மட்டும் யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைக்கலாம். அதனால்தான் பேச முடியாமல் படுத்திருக்கும் தாத்தா, பூட்டிய பெட்டி, அதற்குள் ஓர் உயில். மகள் பார்த்துப் பார்த்துப் பணிவிடை செய்ய, சொத்து மகனுக்குப் போகிறது. கெட்டிக்கார மாற்றம். கவிதைப் பித்துக்கு அங்கே கூப்பரும் ஷேக்ஸ்பியரும் என்றால் இங்கே பாரதியார். 'சுட்டும் விழிச் சுடர்' அப்படியே பொருந்துகிறது. நாவலில் மழையில் நனைந்த புல்வெளியில் நடந்து காய்ச்சலில் விழுகிறாள் மரியான். மீனாட்சியோ மழைநாளில் சென்னையின் திறந்த சாக்கடைக் குழிக்குள் விழுகிறாள். நம் ஊருக்கு அதுதான் யதார்த்தம்!

சறுக்கல் இரண்டாம் பாதியில். அக்காவுக்கு வேலை கிடைத்துவிடுகிறது, தங்கை பாடகியாகிவிடுகிறாள். மூலத்தில் அந்த வழியே கிடையாது. தாயும் மூன்று பெண்களும் ஆண்டுக்கு 500 பவுண்டில் காலம் தள்ள வேண்டும். காதலன் குதிரை பரிசு தந்தால்கூட, அதை ஓட்ட ஆள், ஆளுக்கு இன்னொரு குதிரை, இரண்டுக்கும் லாயம் என்று செலவுக் கணக்குப் போட்டு வேண்டாமென்று சொல்கிற நிலைமை. இங்கே அந்த இறுக்கம் தளர்ந்ததும் பாட்டுகள்தான் படத்தைத் தூக்கி நிறுத்துகின்றன. அஜித்தின் மனோகர் பாத்திரமும் இளைத்துப்போனது. மூலத்தில் அக்காவின் காதலன் எட்வர்ட், வேறொரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கில் மாட்டிக்கொண்டு தவிப்பவன். மனோகருக்கு இருப்பது நடிகையோடு ஒரு கிசுகிசு.

ஐஸ்வர்யா ராய் 2004-ல் 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' கதையிலும் நடித்தார், அமிர்தசரஸ் பின்னணியில். படத்தின் பெயர் 'Bride and Prejudice'. சொத்து கைமாறும் பயம் அதில் இல்லை, அதனால் அம்மா பதறுவதற்குக் காரணமும் இல்லை. அமெரிக்க கிரீன் கார்டு பெருமை பேசும் மாப்பிள்ளை கோலி வருகிற காட்சிகளுக்கு மட்டும் சிரிக்கலாம்.

கேலிப் படங்களில் 1995-ன் 'க்ளூலெஸ்' எல்லாருக்கும் மேலே. 'எம்மா' நாவலை அமெரிக்கப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயும் அந்தஸ்துக் கணக்கை விடவில்லை. நாவலில் வண்டிக்குள் எல்டன் காதலைச் சொல்கிற இடம், இதில் கார். என் தோழியோடு சேர்ந்துகொள்ளேன் என்று நாயகி சொன்னதும், என் அப்பா யார் தெரியுமா என்று எகிறுகிறான் பையன். 'பிரிட்ஜெட் ஜோன்ஸ்' படத்தை 1995 தொடருக்குப் பிறகு பாருங்கள். அதே காலின் ஃபிர்த்தை மார்க் டார்சி என்ற பெயரில் போட்டிருப்பதே நக்கல். முன்னதைப் பார்க்காதவர்களுக்குப் பாதிச் சிரிப்பு போய்விடும். 2016-ன் ஜோம்பி படமான 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ் அண்ட் ஜோம்பிஸ்'-இல் டார்சி முதல்முறை பெண் கேட்கும் காட்சி ஒன்று தேறும். இருவரும் வார்த்தையோடு கையையும் ஓங்கி அறைக்குள்ளேயே அடித்துக்கொள்கிறார்கள். அதைத் தாண்டி ஒரே ஜோக்கைத் திரும்பத் திரும்ப இழுக்கிறார்கள். தாராளமாக ஓட்டிவிட்டுப் பார்க்கலாம்.