கோலாலம்பூர் – பட்டர்வொர்த் இடிஎஸ் ரயில்: வழியில் இறங்குகிறவர்களுக்கான வண்டி

தி.நகரிலோ மண்ணடியிலோ எந்த டிராவல்ஸ் கடையில் மலேசியா பேக்கேஜ் கேட்டாலும் வரிசை ஒன்றுதான்: இரட்டைக் கோபுரம், கெந்திங், பத்துமலை, கூட ஒரு நாள் லங்காவி. கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் நடுவில் இருக்கும் பேராக் மாநிலம் அதில் வராது. ஈயச் சுரங்கமும் ரப்பர்த் தோட்டமும் ரயில் பாதையும் நம் ஊர்க்காரர்களை ஆயிரக்கணக்கில் இழுத்துக்கொண்டது அங்கேதான். அந்த மாநிலத்தைத் தெற்கு வடக்காகக் கடந்து போவது இடிஎஸ் மின்சார ரயில். இதில் ஏறி ஒரே மூச்சில் பினாங்கு போனால் அது ஒரு நல்ல ரயில், அவ்வளவுதான். மூன்று துண்டாக வெட்டி இறங்கி ஏறினால், இந்தப் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி வேறில்லை.

முதலில் வண்டியைப் பற்றி. இது மீட்டர் கேஜ். 2004 வரை பீச்–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்ரயிலில் போனவர்களுக்கு அந்த அகலம் நினைவிருக்கும். அதே அகலப் பாதையில் இது 140 கி.மீ. வேகம் தொடுகிறது, கையில் பிடித்த காபி தளும்பாமல். ஆனால் கோலாலம்பூர் நகருக்குள் மெதுவாகத்தான் நகரும். ராவாங் தாண்டிய பிறகே வேகம் எடுக்கும். கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து பேராக்கின் தலைநகர் ஈப்போவுக்கு சுமார் இரண்டரை மணி, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்கு நாலே கால் மணி அளவில். பிளாட்டினம் வண்டி குறைந்த இடங்களில் நிற்கும், கோல்டு கூடுதலாக நிற்கும். சிற்றூரில் இறங்கப் போகிறவர்கள் வண்டியின் பெயரைப் பார்க்காமல் தங்கள் ஊரில் நிற்குமா என்று பார்த்து வாங்க வேண்டும்.

பலர் சறுக்குவது டிக்கெட்டில். இங்கே வெயிட்டிங் லிஸ்ட் கிடையாது, ஆர்ஏசி கிடையாது, அன்ரிசர்வ்டு பெட்டியும் கிடையாது. இருக்கை தீர்ந்தால் தீர்ந்ததுதான். டிடிஇ-யைப் பார்த்துச் சமாளிக்கும் வழி எதுவும் இல்லை. வெள்ளி மாலை, ஞாயிறு மாலை, பள்ளி விடுமுறை, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு, தைப்பூசம் ஆகிய நாட்களில் வாரக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். இன்னொன்று: பட்டர்வொர்த் வரை எடுத்த டிக்கெட்டில் ஈப்போவில் இறங்கிவிட்டு மறுநாள் தொடர முடியாது. டிக்கெட் அந்த நாளுக்கும் அந்த வண்டிக்கும் அந்த இருக்கைக்கும் மட்டுமே. தவறவிட்டால் அடுத்த வண்டியில் செல்லாது. ஆகவே கோலாலம்பூர்–ஈப்போ, ஈப்போ–தைப்பிங் என்று தனித்தனியாக வாங்குங்கள். மொத்தத்தில் கொஞ்சம் கூடுதலாகும், அது நியாயமான விலைதான். முழுத் தூரத்துக்குப் பிளாட்டினம் கட்டணம் 70–80 ரிங்கிட் அளவில் இருக்கும். நாளையும் வண்டியையும் பொறுத்து மாறும். ரிங்கிட்டுக்கு 20 ரூபாய்க்கு மேல் என்று வைத்துக் கணக்குப் போடலாம்.

வாங்க வேண்டிய இடம் மலேசிய ரயில்வே நிறுவனமான கேடிஎம்பியின் சொந்தத் தளம் அல்லது ஆப். இடைத்தரகுத் தளங்களிலும் கிடைக்கும், மேலே ஒரு கட்டணம் போடுவார்கள். பணம் கட்டும்போது கார்டு மறுக்கப்பட்டால் பதற வேண்டாம். 2020 மார்ச் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி நம் கார்டுகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும் திறந்துதான் வருகின்றன. வங்கி ஆப்பில் வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனையைத் திறந்துவிட்டு மறுபடி முயலுங்கள். பெயரும் எண்ணும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். அப்பா அம்மாவுடன் போகிறவர்கள் மூத்த குடிமக்கள் சலுகையை அழுத்திவிடாதீர்கள். அது மலேசியக் குடிமக்களுக்கானது. சோதனையில் சிக்கினால் சங்கடம்.

நுழைவுக்கு இப்போதைக்கு விசா தேவையில்லை. இந்தியர்களுக்கு 30 நாள் விலக்கு 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் எம்டேக் என்னும் டிஜிட்டல் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்பியாக வேண்டும். இது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது குடிநுழைவுத் துறையின் தளம் இல்லை, உடனே மூடிவிடுங்கள்.

சென்னையிலிருந்து இரவு விமானம் ஏறுகிறவர்கள் தேதியைக் கவனமாகப் பாருங்கள். பறப்பது சுமார் நான்கு மணி நேரம், அங்கே கடிகாரம் இரண்டரை மணி முன்னால். 10-ஆம் தேதி இரவு மீனம்பாக்கத்தில் ஏறினால் 11-ஆம் தேதி காலைதான் இறங்குவீர்கள். 10-ஆம் தேதிக்கே ரயில் எடுத்துவிட்டு நிற்பவர்கள் உண்டு. இறங்கும் நேரத்துக்கும் ரயிலுக்கும் நடுவில் நான்கு மணி நேரம் விடுங்கள்: குடிநுழைவு வரிசைக்கு ஒன்றரை மணி வைக்கலாம், விமான நிலைய ரயிலான கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் சென்ட்ரலுக்கு அரை மணி, 55 ரிங்கிட், பேருந்து ஒரு மணிக்கும் மேல், ஆனால் அதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. மிச்ச நேரத்தில் சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே நடந்து போகிற தூரத்தில் பிரிக்ஃபீல்ட்ஸ், நம்மவர்கள் கடைகள் நிறைந்த பகுதி. அங்கே இட்லி, பூரி பார்சல் வாங்கிக்கொள்வது நல்லது. இடிஎஸ் வண்டியின் சிற்றுண்டிப் பெட்டியில் சைவம் என்று நம்பி எடுக்க அதிகம் இல்லை. நாசி லெமாக் பொட்டலத்தில் சோறு சைவம்தான், கூட வரும் சம்பலில் நெத்திலி இருக்கும்.

ஏறும் முறை விமான நிலையம் போல. காத்திருப்புக் கூடத்தில் வண்டி எண்ணை அறிவித்த பிறகு கியூஆர் காட்டி கீழே இறங்க வேண்டும், புறப்படுவதற்குச் சில நிமிடம் முன்பே வாசலை மூடிவிடுவார்கள். ஓடும் வண்டியில் தொற்றிக்கொள்ளும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள். உள்ளே இரண்டு இரண்டாக இருக்கை, கால் நீட்ட இடம் போதும். இருக்கைகள் திரும்பாதவை, ஆகவே பாதிப் பேர் பின்னோக்கி உட்கார்ந்துதான் போக வேண்டும். தலை சுற்றுகிறவர்கள் இருக்கைப் படத்தைப் பார்த்து எடுக்கவும். குளிர் பொல்லாதது. மார்கழிக்கு எடுத்து வைக்கிற சால்வையைக் கைப்பையில் வையுங்கள், பெட்டிக்குள் போட்டால் எடுக்க வராது. சார்ஜர் செருகும் இடம் மூன்று சதுர முள் வகை, நம் உருண்டை முள் நுழையாது. பாரிமுனையில் அடாப்டர் வாங்கும்போது பிரிட்டிஷ் வகை என்று கேட்டு வாங்குங்கள். கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம், நம்மவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

ஜன்னலில் முதல் ஒன்றரை மணி செம்பனைத் தோட்டங்கள். ஒரு காலத்தில் பால்மரம், அதாவது ரப்பர் மரம், நின்ற மண். ஈப்போவை நெருங்கும்போது சுண்ணாம்புக் குன்றுகள் செங்குத்தாக எழும். படாங் ரெங்காஸுக்கும் தைப்பிங்குக்கும் நடுவில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளும் பெராபிட் சுரங்கம். தைப்பிங் தாண்டியதும் புக்கிட் மேரா ஏரியை வண்டி நட்ட நடுவில் கடக்கும், இரண்டு பக்கமும் தண்ணீர். அந்தச் சில நிமிடம் போனைக் கீழே வையுங்கள்.

இறங்க வேண்டிய இடங்களுக்கு வருவோம். பத்து காஜா நிலையத்திலிருந்து கெல்லீஸ் காசல் காரில் சில நிமிடம். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி கட்டத் தொடங்கி, 1926-இல் அவர் இறந்ததும் பாதியில் நின்ற மாளிகை. பேக்கேஜ் வண்டிகள் மாளிகையோடு திரும்பிவிடும். நீங்கள் பக்கத்தில் உள்ள மாரியம்மன் கோயிலுக்கும் போங்கள். கட்டட வேலைக்கு வந்த தமிழர்களிடையே கொள்ளை நோய் பரவியபோது எழுந்த கோயில் அது. மேலே சாமி சிலைகளுக்கு நடுவே தொப்பியும் கோட்டும் போட்டு நிற்கிறாரே ஒருவர், அவர்தான் அந்த முதலாளி என்கிறார்கள். போவதற்கு கிராப் என்னும் ஆப் டாக்ஸி கிடைக்கும், திரும்ப வரக் கிடைக்காமல் தவிப்பதே வழக்கம். போகும்போதே டிரைவரிடம் காத்திருக்கப் பேசி வையுங்கள். தமிழராக இருந்தால் ரிங்கிட் என்று சொல்ல மாட்டார், இத்தனை வெள்ளி என்பார். “பசியாறிட்டீங்களா?” என்று கேட்டால், காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம்.

ஈப்போவில் ஒரு இரவு போதும். 1917-ஆம் ஆண்டு நிலையக் கட்டடத்தையும் கல்லுமலை முருகன் கோயிலையும் பார்த்துவிடலாம்.

தைப்பிங்குக்கு இரண்டு இரவு கொடுங்கள். மலாயாவின் முதல் ரயில் 1885-இல் ஓடியது இங்கிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு, ஈயம் ஏற்ற, வெறும் 13 கிலோமீட்டர். அந்தப் பாதை இப்போது இல்லை. போர்ட் வெல்டின் இன்றைய பெயர் கோலா செபெத்தாங். அங்கே கடைகளுக்கு நடுவில் பழைய நிலையப் பெயர்ப் பலகை மட்டும் நிற்கிறது: ஆங்கிலம், ஜாவி (மலாய் மொழிக்கான அரபு எழுத்து), சீனம், தமிழ் என நான்கு எழுத்திலும். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் யார் யார் அந்த நடைமேடையில் நின்றார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அதே ஊரில் சதுப்புநிலக் காட்டு மரத்தைச் சுடும் கரிச் சூளைகள் இருக்கின்றன, குடிசை அளவுக் குவிமாடங்கள். காலையிலேயே போங்கள், தைப்பிங் பக்கம் மதியத்துக்கு மேல் மழை கொட்டும் ஊர், ஏரிப் பூங்காவின் தூங்குமூஞ்சி மரங்கள் அவ்வளவு பெருத்திருப்பதும் அதனால்தான். சிறு நிலையங்களில் பெட்டி வைக்கும் அறையை நம்பாதீர்கள். பெரிய சூட்கேஸோடு இந்தப் பயணம் சரிப்படாது, தோளில் மாட்டுகிற பை போதும்.

தைப்பிங்கிலிருந்து பட்டர்வொர்த்துக்கு இடிஎஸ் நிரம்பியிருந்தால் கொமூட்டர் ரயில் எடுங்கள். முன்பதிவு கிடையாது, கட்டணம் குறைவு, நம் புறநகர் ரயில் போல எல்லா இடத்திலும் நிற்கும், ஏரியையும் இதே பாதையில்தான் கடக்கும். நேர அட்டவணையை மட்டும் பார்த்து வையுங்கள், அடிக்கடி இல்லை. இன்னொரு குழப்பம்: பாடாங் பெசார் என்று போட்டிருக்கும் இடிஎஸ் பட்டர்வொர்த் போகாது. அதில் ஏறினால் புக்கிட் மெர்தாஜாமில் இறங்கி கொமூட்டர் பிடிக்க வேண்டும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும். பாதையைப் போட உழைத்தவர்களின் மொழி பழைய பலகையோடு நின்றுபோனது மனதுக்கு வலிக்கிறது. மின்கம்பிக் கோளாறு வந்தால் தாமதம் மணிக்கணக்கில் இழுக்கும். விமானம் ஏறும் நாளில் இதை நம்பி டிக்கெட் எடுக்கக் கூடாது.

அதற்கு ஒரு வழி உண்டு. சென்னைக்கும் பினாங்குக்கும் நேரடியாக 2024 டிசம்பரில் இண்டிகோ விமானம் விடத் தொடங்கியது. உங்கள் தேதிக்கு அது இருந்தால் கோலாலம்பூரில் இறங்கி, ரயிலில் வடக்கே போய், பினாங்கிலிருந்தே ஊர் திரும்பலாம். பட்டர்வொர்த் நிலையத்தை ஒட்டியே ஃபெர்ரி. கட்டணம் 2 ரிங்கிட், நோட்டும் சில்லறையும் வாங்க மாட்டார்கள்; கார்டை நீட்டினால் போதும். அக்கரையில் இறங்கினால் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பேருந்து கிடைக்கும்.