சத்துவாச்சாரியில் ஒரு பளுதூக்கும் காதல்: மின்னூல் மதிப்புரை

கதைக்களமாக வேலூரின் சத்துவாச்சாரியை எடுத்துக்கொண்டதற்கே பாதி மதிப்பெண். 2014 கிளாஸ்கோ, 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கத்தின் ஊர் இது. இங்கே நாயகன் கிரிக்கெட் மட்டை தூக்காமல் பளுதூக்கும் கம்பியான ‘பார்’ தூக்குவது இயல்பு.

காதலை நகர்த்துவது பாகாயம்–காட்பாடி டவுன் பஸ். ஒரே தடம், தெரிந்த முகங்கள், ஒளிய இடமில்லை. கோட்டை அகழி ஓரம் உட்கார்ந்தால் மாலைக்குள் வீட்டுக்குச் சேதி போய்விடும். சின்ன ஊரின் இந்த நெருக்கடியை நூல் நன்றாகப் பிடித்திருக்கிறது.

விளையாட்டுப் பகுதியில்தான் சறுக்கல். வீரர்களின் உடல் எடை பார்ப்பது போட்டிக்கு 2 மணி நேரம் முன் தொடங்கி 1 மணி நேரம் நடக்கும். அதற்குச் சற்றுமுன் நாயகி ஊட்டும் ஆம்பூர் பிரியாணியை நாயகன் மூக்குப் பிடிக்கத் தின்கிறான்; பிரிவு எல்லையைத் தாண்டிவிடாதா? எடை பார்த்தபின் ஊட்டியிருக்கலாம், காதலும் கெடாது. கதை இன்று நடக்கிறது, அவன் பிரிவோ 77 கிலோ. அதை 2018 இறுதியிலேயே எடுத்துவிட்டார்கள். நாயகிக்கும் ஆண்களின் 20 கிலோ பாரையே கொடுத்திருக்கிறார்கள். பெண்களுக்கு 15 கிலோ, பிடியும் மெல்லிசு. ஸ்னாட்சில் (தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) 3 முயற்சியும் தவறினால், இருவகைத் தூக்கலையும் கூட்டும் மொத்த எடைக் கணக்கே கிடையாது. இறுதிக் காட்சியின் பதற்றம் அங்கே இருந்திருக்க வேண்டும்.

மே மாதப் பாலாற்றில் படகாம்! மணல்தான் இருக்கும். சத்துவாச்சாரிப் பையன் ‘ஏனுங்க’ என்கிறான்; ‘இன்னா’ எங்கே போச்சு?

பஸ் அத்தியாயங்களுக்காக வாங்கலாம்.