ஜிப் கோப்பு திறக்கவில்லை என்றதும் ஹோஸ்டிங்கை மாற்றச் சொல்பவரிடம் ஏமாறாதீர்கள்

நான் விற்கும் வடிவமைப்புக் கோப்புகளைப் பணம் செலுத்தியவர்கள் மட்டும் பதிவிறக்கிக்கொள்ள, ஒரு டெவலப்பரிடம் சர்வரில் ஓடும் பிஎச்பி ஸ்கிரிப்ட் எழுதி வாங்கியிருந்தேன். சிக்கலின்றி ஓடிய அந்த ஸ்கிரிப்டின் அமைப்புக் கோப்பில் (கான்ஃபிக் ஃபைல்) அவர் சிறு திருத்தம் செய்துகொடுத்த மறுநாளிலிருந்து, பதிவிறக்கிய ஜிப் எதுவும் திறக்கவில்லை என்று புகார்கள் வரத் தொடங்கின.

டெவலப்பரிடம் கேட்டபோது, வாங்கியவரின் ஆன்டிவைரஸ்தான் காரணம் என்றார். பிறகு பிரவுசர் என்றார். கடைசியில், சர்வர் தாங்கவில்லை, பெரிய ஹோஸ்டிங்குக்கு மாற வேண்டும், மாற்றித் தரத் தனிக் கட்டணம் என்றார். பிடிஎஃப் கோப்புகள் சரியாகத் திறப்பதால் ஸ்கிரிப்டில் பிழை இருக்க வழியில்லை என்ற அவருடைய வாதம் அப்போது நியாயமாகவே பட்டதால், பணத்தைக் கட்டினேன். மாறிய பிறகும் நிலைமை அப்படியே இருந்தது.

வேறு வழியின்றி, மூலக் கோப்பையும் பதிவிறக்கிய கோப்பையும், கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் அருகருகே திறந்தேன். இரண்டின் அளவும் ஒரு பைட் கூட மாறவில்லை; என்னைக் குழப்பியதும் அதுதான். ஆனால் ‘பிகே’ என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்க வேண்டிய ஜிப், அவற்றுக்கு முன்னால் ஈஎஃப், பிபி, பிஎஃப் என்ற மூன்று பைட்டுகளோடு தொடங்கியது. அமைப்புக் கோப்பை அவர் யூடிஎஃப்-8 பிஓஎம் வகையில், அதாவது எழுத்துக் குறியீட்டு முறையைக் காட்டும் மூன்று பைட்டுகள் கோப்பின் தொடக்கத்தில் சேரும் வகையில், சேமித்திருக்கிறார். அந்த மூன்று பைட்டுகள் ஒவ்வொரு பதிவிறக்கத்தின் தலையிலும் ஒட்டிக்கொள்ள, கோப்பின் அளவைப் பிரவுசருக்கு முன்கூட்டியே சொல்லும் கன்டென்ட்-லெங்த் ஹெடர் மூல அளவையே அறிவித்ததால் வாலில் மூன்று பைட்டுகள் வெட்டுப்பட்டன. ஜிப்பின் உள்ளடக்கப் பட்டியலுக்கு வழிகாட்டும் பதிவு கோப்பின் கடைசியில்தான் இருக்கிறது. அது சிதைந்தால் கோப்பு திறக்காது. பிடிஎஃப் ரீடர்கள் பலவும் இத்தகைய சிறு சிதைவைப் பொறுத்துக்கொள்ளும். ஹெடருக்கு முன்பே ஏதோ வெளியாகிவிட்டது என்ற பிஎச்பியின் வழக்கமான எச்சரிக்கையும், வெளியீட்டை உடனே அனுப்பாமல் சேர்த்துவைக்கும் அவுட்புட் பஃபரிங் சர்வரில் இயங்கியதால் வரவில்லை.

அமைப்புக் கோப்பை பிஓஎம் இல்லாமல் சேமித்தேன். அரை நிமிட வேலை. மூலக் கோப்பு, மீண்டும் பதிவிறக்கிய கோப்பு இரண்டின் எஸ்எச்ஏ-256 மதிப்புகளும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற எண்) ஒன்றாயின. இந்த ஒப்பீட்டைச் செய்து காட்டாமல் சர்வரையோ பிரவுசரையோ குறை சொல்பவருக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஹெக்ஸ் எடிட்டரின் ஸ்கிரீன்ஷாட்டை டெவலப்பருக்கு அனுப்பி, கட்டணத்தைத் திருப்பிக் கேட்டேன். அவரிடமிருந்து இதுவரை பதில் இல்லை. தேவையே இல்லாத அந்தப் பெரிய ஹோஸ்டிங்குக்கு ஓராண்டுக் கட்டணம் முன்கூட்டியே கட்டியாகிவிட்டது.