ஈசிஎல் 82 என்று சொல்லி விற்ற நான்கு வால்வுகள்

பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளில் கழற்றிய வால்வுகளை, அதாவது டிரான்சிஸ்டருக்கு முந்தைய கால மின்னணுக் கண்ணாடிக் குழாய்களைக் கொண்டு ஆம்ப்ளிஃபயர் கட்டிப் பாட்டுக் கேட்பவர்கள் விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய கூட்டம். இந்தச் சின்னக் கூட்டத்தை நம்பியும் ஒருவர் போலிச் சரக்குத் தயாரிக்கிறார் என்பது 3,600 ரூபாய் கொடுத்து நான் தெரிந்துகொண்ட செய்தி.

சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய ஒரு சந்தில், மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது அந்தக் கடை. எனக்கு ஈசிஎல் 82 நான்கு தேவைப்பட்டன. ஒரே கண்ணாடிக்குள், ஒலியை முதலில் பெருக்கும் ஒரு டிரையோடும் ஸ்பீக்கரை இயக்கும் ஒரு பவர் பென்டோடும் அடங்கிய வால்வு அது. சேனலுக்கு ஒன்று வீதம் இரண்டு போதும். மூன்று வாட் சொச்சம் கிடைக்கும், ஓர் அறைக்கு அது தாராளம். மற்ற இரண்டு கையிருப்புக்கு. வால்வு வேலை செய்ய அதன் உள்ளே சூடேற்றும் இழை எரிய வேண்டும்; ஈசிஎல் வரிசையின் இழைக்கு 6.3 வோல்ட். பழைய ரேடியோ ஒன்றில் எடுத்த 6.3 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வீட்டில் இருந்ததால்தான் குறிப்பாக ஈசிஎல் வரிசையைத் தேடினேன்.

கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். பேச்சில் அத்தனை பணிவு. "பெட்டி பிரிக்காத பழைய சரக்கு, தம்பி. ஒன்று 900 ரூபாய். பிசிஎல் போதுமென்றால் அந்தக் கூடையில் பாருங்கள், 150 ரூபாய்தான். ஆனால் அதெல்லாம் டிவியில் கழற்றியது" என்றார். கூடையைக் காட்டி அவர் எச்சரித்த அந்த நேர்மையில்தான் நான் விழுந்தேன். மஞ்சள் அட்டைப் பெட்டிகளுக்குள் வால்வுகள் பளிச்சென்று இருந்தன, வெள்ளை எழுத்தில் எண் அச்சிட்டிருந்தது. மேசைக்கு அடியிலிருந்து ஒரு பலகையை எடுத்தார். சாக்கெட்டும் ஒரு திருகு குமிழும் பொருத்திய பலகை. நான்கையும் ஒவ்வொன்றாகச் செருகிக் காட்டினார். இழை செக்கச்செவேலென்று எரிந்தது. "கண்ணால் பார்த்துவிட்டீர்கள் அல்லவா?" என்றார். பார்த்தேன், பணத்தையும் எண்ணிக் கொடுத்தேன்.

வீட்டில் மின்சாரம் கொடுத்தால் ஓசையே இல்லை. விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணைக் கிட்டக் கொண்டுபோனால்தான், இழை இருக்கிறதா இல்லையா என்பதுபோல ஒரு மங்கல் சிவப்பு தெரிந்தது. என் டிரான்ஸ்ஃபார்மரைச் சந்தேகித்தேன். பிறகு என் பற்றவைப்பைச் சந்தேகித்தேன். இரண்டு இரவுகள் ஒவ்வொரு இணைப்பையும் சூடாக்கி மறுபடி பற்றவைத்துக்கொண்டிருந்தேன். நல்ல வால்வு என்று ஒருவர் சொல்லிவிட்டால் குறையைத் தன் கையில் தேடுவது இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களின் பொதுவியாதி.

மூன்றாம் நாள்தான் மல்டிமீட்டரை எடுத்து, கழற்றிவைத்த வால்வின் 4ஆம் 5ஆம் கால்களுக்கு இடையே அளந்தேன். இந்த வால்வில் இழை அந்தக் கால்களில்தான் முடிகிறது. எட்டு ஓம் காட்டியது. ஈசிஎல் 82 ஆக இருந்தால் குளிர்ந்த நிலையில் ஓர் ஓம், மிஞ்சினால் ஒன்றரை ஓம்தான் காட்டவேண்டும்.

பெயரின் முதல் எழுத்திலேயே கதை இருக்கிறது. ஐரோப்பிய முறையில் 'ஈ' என்றால் இழைக்கு 6.3 வோல்ட். 'பி' என்றால் 300 மில்லி ஆம்பியர். தொலைக்காட்சிப் பெட்டி செய்தவர்கள் கனமான டிரான்ஸ்ஃபார்மரைத் தவிர்ப்பதற்காக எல்லா வால்வுகளின் இழைகளையும் மாலைபோல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து நேரே மெயின்ஸில் மாட்டினார்கள். எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம் ஓடவேண்டும் என்பதற்குத்தான் அந்த 300. ஆகவே பிசிஎல் 82க்கு இழையில் 16 வோல்ட் வேண்டும். ஈசிஎல் 82க்கு 6.3 வோல்ட்டில் 0.78 ஆம்பியர். மற்றபடி உள்ளே இருப்பதும் கால்களின் வரிசையும் ஒன்றுதான். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணால் பிரிக்க முடியாது.

கண்ணாடியில் வாயால் ஊதிப் பார்த்தேன். ஆவி படிந்ததும், வெள்ளை எழுத்துக்கு அடியில், அழித்த பழைய எழுத்து நிழல்போல் எழுந்தது. 'ஈ' இருந்த இடத்தில் 'பி'. நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் மேலெழுத்து முழுதாகக் கையோடு வந்துவிட்டது.

கூடையில் 150 ரூபாய்க்குக் கிடந்ததையே எனக்கு 900க்கு விற்றிருக்கிறார். அதைவிட உறுத்தியது வேறொன்று. கடையில் இழை அப்படிச் சிவந்து எரிய வேண்டுமென்றால் அந்தப் பலகை 16 வோல்ட் கொடுத்திருக்க வேண்டும். எந்த வால்வுக்கு எவ்வளவு திருகவேண்டும் என்று தெரிந்துதான் குமிழைத் திருகியிருக்கிறார். தெரியாமல் விற்றுவிட்டார் என்று நினைக்க அவர் எனக்கு இடமே வைக்கவில்லை. இழை எரிந்தால் போதாது. மீட்டரை எடுத்துப்போங்கள், பணம் கொடுக்கும் முன் அளந்து பாருங்கள். அளக்க விடமாட்டேன் என்றால் கிளம்பி வந்துவிடுங்கள்.

திரும்பப் போனேன். "எரிந்ததைப் பார்த்துத்தானே தம்பி வாங்கினீர்கள்? கண்ணாடிச் சாமானைத் திரும்ப எடுப்பதில்லை" என்றார், அதே பணிவோடு. நான் குரலை உயர்த்தியதும் சமாதானத்துக்கு, வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையே மாட்டும் 'அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர்' என்று சொல்லி இரண்டைக் கையில் திணித்தார். அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன் பாருங்கள், அதற்கு என்னைத்தான் நொந்துகொள்ள வேண்டும். அவை சாதாரண மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர்கள். ஒற்றை வால்வு ஆம்ப்ளிஃபயரில் முதன்மைச் சுற்றில் 35 மில்லி ஆம்பியர் நேர்மின்னோட்டம் ஓயாமல் ஓடும். அதைத் தாங்க இரும்புத் தகடுகளுக்கு இடையே சிறு இடைவெளி விட்டிருக்கவேண்டும். இவற்றில் தகடுகள் மாற்றி மாற்றி நெருக்கமாக அடுக்கியிருந்தன. மாட்டிப் பார்த்தால் மிருதங்கத்தின் தொப்பி ஒலி காணாமல் போய், வலந்தலை மட்டும் தகரம்போல் கேட்டது.

வால்வுகளைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. உண்மையில் பிசிஎல் 82 மட்டமான வால்வு அல்ல. உண்மையைச் சொல்லியிருந்தால் நான்கையும் 600 ரூபாய்க்கு மகிழ்ச்சியாக வாங்கியிருப்பேன். 16 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று சுற்றக் கொடுத்து, ஒவ்வொன்றையும் ஓடவிட்டு, வால்வின் மின்னோட்டம் கடந்துபோகும் கேத்தோடு மின்தடையின் குறுக்கே வோல்ட் அளந்து மின்னோட்டத்தைக் கணக்கிட்டேன். ஒன்று 12 மில்லி ஆம்பியரைத் தாண்டவில்லை; உயிர் போய்விட்டது. இன்னொன்று சரியாகத் தொடங்கி, இருபது நிமிடத்தில் மின்னோட்டம் தானாக ஏறி, ஆனோடு தகடே சிவக்கத் தொடங்கியது. பாய்ந்து சுவிட்சை அணைத்தேன். இத்தனைக்கும் நான்கிலும் தலைப்பகுதியின் வெள்ளிப் பூச்சு புதிதுபோல் மின்னியது. காற்று புகவில்லை என்பதற்குத்தான் அது சாட்சி. புகுந்திருந்தால் பால்போல் வெளுத்திருக்கும். எத்தனை ஆயிரம் மணி நேரம் உழைத்த வால்வு என்பதை அது சொல்லாது.

மிச்சமிருக்கும் இரண்டும் இப்போது என் மேசையில் பாடிக்கொண்டிருக்கின்றன, வேறோர் இடத்தில் சொல்லிச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர்களோடு. போன மாதம் அதே தெருவில் வேறொரு கடைக்கு மின்தேக்கி வாங்கப் போனேன். கண்ணாடி அலமாரியில் அதே மஞ்சள் அட்டைப் பெட்டி, அதே வெள்ளை எழுத்து. விலை கேட்டேன். 1,200 என்றார்கள்.