சி மொழி நிரலுக்கு யூஎம்எல்: நீண்ட காலப் பயன்பாட்டில் எது தாக்குப்பிடிக்கிறது

யூஎம்எல் என்பது மென்பொருளின் அமைப்பையும் நடத்தையையும் படமாக வரையும் குறியீட்டு முறை. அதன் இரண்டாம் பதிப்பான யூஎம்எல் 2-இல் மொத்தம் 14 வகைப் படங்கள். சி மொழியில் எழுதுகிறவர்களுக்கு மூன்று போதும்: பகுதிகளையும் அவற்றின் உறவையும் காட்டும் கிளாஸ், யார் யாரை எந்த வரிசையில் அழைக்கிறார்கள் என்று காட்டும் சீக்வென்ஸ், நிரல் எந்தெந்த நிலைகளில் இருக்கும் என்று காட்டும் ஸ்டேட்.

கிளாஸ் இல்லாத மொழிக்குக் கிளாஸ் படம் எதற்கு? அந்தப் பெட்டியில் மாட்யூலை வையுங்கள். ஒரு சி ஃபைலும் அதன் ஹெடரும் சேர்ந்து ஒரு பெட்டி. ஹெடரில் உள்ள ஃபங்ஷனுக்குக் கூட்டல் குறி, ஸ்டாட்டிக் போட்டதற்குக் கழித்தல் குறி. ஹெடரை இன்க்ளூட் செய்தால் விட்டு விட்டு வரும் கோட்டில் ஓர் அம்பு. அம்புகள் சுற்றிவந்து புறப்பட்ட பெட்டியிலேயே முடிந்தால், அந்த மாட்யூல்களைத் தனித்தனியாகச் சோதிப்பது பெரும்பாடு. குளோபல் மாறிகளை அழகுக்காக மறைத்தால் படம் பொய்யாகிவிடும்.

சீக்வென்ஸ் படத்தில் மெயின் லூப், இன்டரப்ட் (வன்பொருள் குறுக்கிடும்போது ஓடும் நிரல்), டாஸ்க் ஒவ்வொன்றுக்கும் தனி லைஃப்லைன், அதாவது மேலிருந்து கீழே இறங்கும் கோடு, கொடுக்க வேண்டும். பதிலுக்குக் காத்திருக்கும் அழைப்புக்கு நிரப்பிய அம்புமுனை, க்யூவில் போட்டுவிட்டு நகர்வதற்குத் திறந்த முனை. இரண்டு லைஃப்லைன்கள் ஒரே பஃபரைத் தொடும் இடம் கண்ணில் பட்டால் போதும், வரைந்த உழைப்புக்குக் கூலி கிடைத்துவிட்டது.

உண்மையான லாபம் ஸ்டேட் படத்தில்தான். சீரியல் வழியே பாக்கெட் வாங்கும் நிரலை எடுத்துக்கொள்வோம். காத்திருப்பு, தலைப்பு, நீளம், தரவு, செக்சம் (தரவு சரியா என்று சோதிக்கும் எண்) என 5 நிலைகள். பைட் வருகை, டைம்அவுட், ரீசெட், லைன் பிழை என 4 நிகழ்வுகள். இவற்றை அட்டவணையாகப் போட்டால் 20 கட்டங்கள். படத்தில் பெரும்பாலும் எட்டு, ஒன்பது அம்புகள்தான் இருக்கும். மிச்சக் கட்டங்களில்தான் பிழைகள் குடியிருக்கின்றன. தரவு நிலையில் டைம்அவுட் அம்பு இல்லாவிட்டால், பாதியில் அறுந்த பாக்கெட்டுக்காக நிரல் காத்துக்கிடக்கும். அடுத்த பாக்கெட்டின் தலைப்பைத் தரவென்று விழுங்கிவிடும். யூஎம்எல் விதிப்படி, அம்பு இல்லாத நிகழ்வு சத்தமில்லாமல் கைவிடப்படும். ஸ்விட்ச்-கேஸில் பிரேக் மறந்தாலோ அடுத்த கேஸும் சேர்ந்து ஓடும். எனவே படத்தோடு ஓர் அட்டவணையும் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ‘புறக்கணி’ என்றாவது எழுதுங்கள். கணினி அறிவியலாளர் டேவிட் ஹாரெல் 1987-இல் முன்வைத்த உள்நிலை முறை இங்கே கைகொடுக்கும்: கடைசி நான்கு நிலைகளையும் ஒரு பெரிய நிலைக்குள் அடைத்தால் டைம்அவுட்டுக்கு ஒரே அம்பு போதும். நிரலில், ஸ்விட்சுக்கு முன்பே டைம்அவுட்டைச் சோதித்துவிடலாம்.

வேலை ஓட்டத்தைப் படிப்படியாகக் காட்டும் ஆக்டிவிட்டி படம் வேண்டாம். வரிக்கு வரி நிரலையே திருப்பிச் சொல்வதால் முதலில் காலாவதியாவது அதுதான். யார் யாரை அழைக்கிறார்கள் என்ற படத்தை நிரலைப் படித்து ஆவணம் தயாரிக்கும் டாக்ஸிஜெனும், படம் வரையும் கருவியான கிராஃப்விஸும் சேர்ந்து தாமாகவே வரைந்துவிடும். ஆனால் ஃபங்ஷன் பாயின்டர் வழி அழைப்புகள் அதில் வராது, அவற்றைக் கையால் சேர்க்க வேண்டும்.

மவுஸால் வரைந்த படங்களில் என்ன மாறியது என்று, நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் (Git) கருவியில் ஒப்பிட்டுப் பார்ப்பது கடினம். எழுத்தைப் படமாக்கும் பிளான்ட்யூஎம்எல் போல எழுத்தாகவே இருந்தால் நிரலோடு ஒரே கமிட்டில் (ஒரே மாற்றப் பதிவில்) போகும், ரிவ்யூவில் வரி வரியாகத் தெரியும். பெட்டிகளை அதுவே அடுக்குவதால் பெரிய படங்களில் கோடுகள் சிக்கிக்கொள்ளும். அப்போது அம்புகளோடு மல்லுக்கட்டாமல் படத்தை இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.